உளவியலா, அரசியல் அறிவியலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவில் படிக்கிறாள். பி.எஸ்சி. உளவியல் படித்து மனநல ஆலோசகராக வேண்டும் என்பது அவளுடைய விருப்பம். அறிவியல் பாடங்களைப் படிக்காதவளுக்கு இடம் கிடைக்குமா? மூன்று ஆண்டுகள் முடிந்தவுடன் அந்த வேலைக்குப் போய்விடலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில், எந்தப் பிரிவில் பிளஸ் டூ தேறியவரும் இந்தப் படிப்பில் சேர முடிகிறது. உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. மூன்று ஆண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மனநலச் சிகிச்சை அளிக்க முடியாது, அளிக்கவும் கூடாது. பாதிப்போடு ஒருவர் எதிரில் வந்து உட்காரும்போது, மேற்பார்வையின் கீழ் பயிற்சி பெறாதவர் சொல்லும் தவறான ஒரு வார்த்தை அவருடைய உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால், இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

மனநலச் சிகிச்சை அளிக்கும் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கழகம் ஏற்றுக்கொண்ட தகுதியைப் பெற்று அங்கே பதிவு செய்துகொள்ள வேண்டும். இளநிலை மூன்று ஆண்டு, முதுநிலை இரண்டு ஆண்டு, அதன்பின் மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய எம்.ஃபில். இரண்டு ஆண்டு என ஏழு ஆண்டுகள் படிப்பதே நெடுங்காலமாக இருந்துவந்த வழி. பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்ட பிறகும், மருத்துவ உளவியல் உள்ளிட்ட இரு படிப்புகளுக்கு மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு அனுமதி நீட்டிக்கப்பட்டது. ஆகவே உங்கள் மகள் பட்டம் பெறும்போது இந்த வழி மாறியிருக்கும். முதுநிலையில் சேருமுன், அந்தக் கல்லூரியின் படிப்புக்குக் கழகத்தின் ஒப்புதல் உண்டா என்பதைக் கழகத்தின் பட்டியலிலேயே நேரில் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம். இத்தனை ஆண்டுகளுக்கான செலவைக் குடும்பம் தாங்குமா என்பதையும் இப்போதே உட்கார்ந்து கணக்கிட்டுவிடுவது நல்லது.

பாடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிறர் மனத்திலிருப்பதைப் படித்துவிடும் கலை இது என்று நினைத்துச் சேரும் பிள்ளைகள், முதலாண்டிலேயே ஏமாற்றம் அடைகிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்ற அறிஞர் 1879-இல் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்த காலம் தொட்டு, உளவியல் அளந்து பார்க்கும் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஒரே நீளமுள்ள இரு கோடுகள், முனையில் அம்புக்குறியின் திசையை மாற்றி வரைந்தவுடன் ஏன் வெவ்வேறு நீளமாகத் தெரிகின்றன, அந்தப் பிழை ஒவ்வொருவரிடமும் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து அட்டவணையிடுவது போன்ற செய்முறைகள் உண்டு. புள்ளியியல் கட்டாயம் வரும். மூளை, நரம்பு மண்டலம் பற்றிய உடலியங்கியல் பாடமும் வரும். வணிகவியல் படித்தவருக்குப் புள்ளியியல் பெரும்பாலும் எளிதாகவே இருக்கும், உடலியங்கியலுக்குத்தான் கூடுதல் உழைப்பு வேண்டும். இவற்றைக் கேட்ட பிறகும் அவளுடைய ஆர்வம் குறையவில்லையென்றால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் உளவியல் பட்டம் படிக்கலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: இப்போது முடியாது. 2021-ஆம் ஆண்டு நலவாழ்வுத் தொழில்களுக்கான சட்டத்துக்குள் உளவியலும் வருவதால், 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியலில் புதிய சேர்க்கை கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. யாரேனும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: பி.ஏ. அரசியல் அறிவியல் படிக்க ஆசைப்படுகிறேன். ஐ.ஏ.எஸ். எழுதுபவர்களுக்கு மட்டுமே அது உதவும், மற்றபடி வெறும் மனப்பாடம்தான் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். தமிழ்வழியில் படிப்பது பலன் தருமா?
– ஒரு மாணவர், தஞ்சாவூர்

பதில்: குடிமைப் பணித் தேர்வின் முதன்மைத் தேர்வில் இது ஒரு விருப்பப் பாடம், இரண்டு தாள்கள், மொத்தம் 500 மதிப்பெண். உளவியலும் அதே பட்டியலில் இருக்கிறது என்பதை உங்கள் உறவினர்களிடம் சொல்லுங்கள். எந்தப் பட்டம் பெற்றவரும் எழுதக்கூடிய அந்தத் தேர்வை மட்டும் மனத்தில் வைத்து மூன்று ஆண்டுப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மனப்பாடம் என்ற குற்றச்சாட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட அரசாணை, சண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து இங்கே கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் அரசமைப்பின் முதல் திருத்தம், பின்தங்கியோருக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) என்ற பிரிவைச் சேர்த்தது. பிரிவின் எண்ணையும் ஆண்டையும் நினைவில் வைப்பது சிறிய வேலை. தனிமனிதரின் சமத்துவ உரிமையும் பின்தங்கியோருக்கான சமூக நீதியும் மோதும்போது நீதிமன்றம், நாடாளுமன்றம், தெரு ஆகிய மூன்றில் எதன் குரல் எந்த அளவுக்குச் செல்லும், செல்ல வேண்டும் என்று ஆராய்வதே அரசியல் அறிவியல். பிளேட்டோவும் கௌடில்யரும் அம்பேத்கரும் பெரியாரும் பாடத்தில் இடம்பெறுவது இத்தகைய கேள்விகளைக் கேட்கப் பழகுவதற்காகத்தான். நாளிதழின் தலையங்கத்தைப் படித்துவிட்டு அதோடு வாதாடத் தோன்றுகிறதா உங்களுக்கு? அப்படியானால் இந்தத் துறை உங்களுக்கானது. மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, இதழியல், பொது நிர்வாகம், ஆராய்ச்சி ஆகியவற்றுக்கு இது நல்ல அடித்தளம். பள்ளி ஆசிரியராக விரும்பினால் மட்டும், பி.எட்.டுக்கு முன் முதுகலையும் முடிக்க வேண்டியிருக்கும்.

தமிழ்வழியில் படிப்பதால் சிந்தனை கூர்மையாகும், எழுத்தும் தெளிவாகும்; ஆனால் மேற்படிப்புக்கான நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அவற்றைப் படிக்கும் பழக்கத்தை முதலாண்டிலேயே தொடங்கிவிடுங்கள். மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2020-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பு மட்டுமின்றிப் பள்ளிப் படிப்பும் தொடக்கத்திலிருந்தே தமிழ்வழியில் இருந்தால்தான் அது பொருந்தும். நீங்கள் அப்படிப் படித்தவராக இருந்தால், ஒவ்வொரு நிலைக்கும் உரிய சான்றிதழை உங்கள் பள்ளிகளிலிருந்து இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.