ஃபிரேமில் இடமில்லாத சைக்கிளில் பேட்டரியை எங்கே வைப்பது? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: மேல் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளை மின்சைக்கிளாக மாற்ற, சக்கரத்தின் மையத்தில் அமரும் 250 வாட் ஹப் மோட்டாரைப் பின்சக்கரத்தில் பொருத்தப் போகிறேன். பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. முக்கோணமே இல்லாத ஃபிரேமில் பின் கேரியரை விட்டால் வேறு வழியில்லை. அது தாங்குமா?

பதில்: எடையைத் தாங்கும். இந்த அளவு பேட்டரி உறையோடு சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ. நல்ல கேரியரில் 25 கிலோ வரை ஏற்றலாம் என்று பொறித்தே இருக்கும். கேரியரை முறிப்பது எடையல்ல, அதிர்வு. குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் பேட்டரி ஒரு நூல் அளவு நகர்ந்தாலும் போதும், போல்ட் தளரும். தளர்ந்த போல்ட் அடுத்த குழியில் அடிவாங்கும். கடைசியில் கேரியர் காலின் வெல்டிங் விரிசல் விடும். எனவே பேட்டரி கேரியரோடு ஒரே பொருளாக இறுக வேண்டும். எலாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டுவது கட்டே அல்ல. அது நீளும், பேட்டரி எகிறும்.

இரண்டு தட்டு கேரியர் வாங்குங்கள். கீழ்த்தட்டில் பேட்டரி தண்டவாளம் போல நழுவி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும், மேல்தட்டு சாமானுக்கு. கேரியரின் இரண்டு கால்களும் பின் அச்சுக்கு அருகில் ஃபிரேமிலுள்ள துளையில் எம்5 போல்ட்டில் நிற்க வேண்டும். நைலான் வளையம் உள்ள நட் அல்லது மரைப்பசை கட்டாயம். சீட் கம்பியை மட்டும் பிடித்துத் தொங்கும் கேரியர் வேண்டாம். திருப்பங்களில் அது பக்கவாட்டில் சுழலப் பார்க்கும்.

மோட்டாரும் பேட்டரியும் உங்கள் எடையும் பின்சக்கரத்தில் சேர்வதால், ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகிவிடும். பேட்டரியை சீட் பக்கம் எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். பின் டயரின் காற்று குறையாமல் பாருங்கள். முதல் சில பயணங்களுக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். கேரியரைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் உலுக்கினால் சைக்கிள் முழுதும் சேர்ந்து ஆட வேண்டும், கேரியர் மட்டும் ஆடக் கூடாது.

கேள்வி: கேரியரிலுள்ள பேட்டரியிலிருந்து, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலருக்கு ஒயர் 1.2 மீட்டர் ஓடுகிறது. பவர் குறையுமா?

பதில்: சரியான தடிமன் இருந்தால் உணரவே மாட்டீர்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் போக வர 2.4 மீட்டருக்கு, 15 ஆம்பியர் ஓடும்போது இழப்பு கால் வோல்ட்தான். அதே தூரத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் 0.6 வோல்ட் போகும், ஒயரும் இளஞ்சூடாகும். ஒயரை மேலும் நீட்ட வேண்டியிருந்தால் கன்ட்ரோலரை பேட்டரிக்கு அருகே கொண்டுவந்து, மோட்டார் பக்கத்து ஒயரை நீட்டுவது நல்லது. பேட்டரி ஒயர் மிக நீளமானால் அதன் மின்தூண்டலால் திடீரென எழும் மின்னழுத்தக் குத்தல்களைக் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்கள்தான் தாங்க வேண்டும்.

நீண்ட ஒயர் என்றால் எங்காவது உரசி ஷார்ட் ஆகும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃப்யூஸ் வையுங்கள். 15 ஆம்பியர் கன்ட்ரோலருக்கு 20 அல்லது 25 ஆம்பியர். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: காருக்குப் போடும் சாதாரண தகட்டு ஃப்யூஸ் 32 வோல்ட்டுக்கானது. முழுச் சார்ஜில் 42 வோல்ட் நிற்கும் பேட்டரியில் அது எரிந்த பிறகும் உள்ளே தீப்பொறி வில் அணையாமல் தொடரலாம். 58 வோல்ட் என்று குறித்த ஃப்யூஸ் கேட்டு வாங்குங்கள். இணைப்பானில், உலோகம் வெளியே தெரியாமல் மூடிய பக்கமே பேட்டரியில் இருக்க வேண்டும்.

கேள்வி: சிறிய ஃபிரேம். கெட்டி உறையுள்ள பேட்டரி நுழையவில்லை. பிளாஸ்டிக் தாள் மட்டும் சுற்றிய முக்கோண பேட்டரியை துணிப்பையில் போட்டுத் தொங்கவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வெறும் பையில் கூடாது. அந்த நீலத் தாள் காகிதத்துக்குச் சற்று மேல். பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே செல்களை இணைக்கும் நிக்கல் பட்டைகள் வெல்டிங்கில் ஒட்டியிருக்கின்றன. பை ஊசலாடினால் வெல்டிங் விடும், அல்லது பட்டையின் ஓரம் பக்கத்து செல்லின் உறையைத் தேய்த்து ஷார்ட் ஆகும்.

முதலில் அட்டையில் ஃபிரேமின் உள்வடிவை வெட்டி எடுங்கள். இருபுறமும் பெடல் சுற்றும்போது முழங்காலும் கிராங்கும் இடிக்காத அகலம் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு 3 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை அல்லது ஏபிஎஸ் தகட்டில் எல்லாப் பக்கமும் மூடிய பெட்டி செய்து, உட்சுவரெல்லாம் 5 மில்லிமீட்டர் ஈவிஏ ஃபோம் ஒட்டுங்கள். நீரை உறிஞ்சும் பஞ்சு வேண்டாம். பேட்டரியை உள்ளே வைத்துக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. பெட்டிக்குள் எந்த போல்ட் தலையும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பட்டை, க்ளாம்ப் எல்லாம் வெளியிலிருந்தே பிடிக்கட்டும். ஒயர் அடிப்பக்கத்தில் வெளிவந்து, ஒரு வளைவு கீழே தொங்கி, பிறகு மேலேறட்டும். ஒயர் வழியாக வரும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியின் அடியில் சிறு துளை ஒன்றும் விடுங்கள். இந்தப் பெட்டியைப் பையில் போட்டு மேல் பாரிலும் சாய்ந்த பாரிலும் குறைந்தது மூன்று இடத்தில் பட்டை போட்டால் அசையாது.

பேட்டரி ஒருமுறை தரையில் விழுந்தோ நசுங்கியோ இருந்தால், அல்லது உப்பலோ இனிப்பான ரசாயன வாடையோ தெரிந்தால், அதை மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள், வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள்.

கேள்வி: முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள். சாய்ந்த பாரின் அடிப்பக்கத்தில் தலைகீழாகப் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம், மூன்று விஷயங்களைக் கவனித்த பிறகு. முன் ஃபோர்க்கின் காற்றை இறக்கி முழுதும் அமுக்கிப் பாருங்கள். அந்த நிலையில் டயருக்கும் பேட்டரிக்கும் நடுவே 15 மில்லிமீட்டராவது வேண்டும். பேட்டரி தன் தளத்திலிருந்து கழல எந்தப் பக்கம் நழுவும் என்று பாருங்கள். தலைகீழாக இருக்கும்போது முழு எடையும் பூட்டின் நாக்கில் தொங்கும், ஆகவே குறுக்கே இரண்டு பட்டைகள் அவசியம். சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீரும் கல்லும் நேராக அங்கேதான் வரும், எனவே ரப்பர் தடுப்பு மாட்டுங்கள்.

குழாயில் துளையிட்டு, போல்ட் மாட்டுவதற்கான மரையுள்ள ரிவெட் நட் பதிக்கும் ஆசை வரும். எம்5 ரிவெட் நட்டுக்கு 7 மில்லிமீட்டர் துளை வேண்டும். நடுவில் மெலிந்த அலுமினியக் குழாயில் விரிசல் தொடங்கும் இடம் அதுவே. கார்பன் ஃபிரேமில் நினைக்கவே வேண்டாம். துருப்பிடிக்காத ஹோஸ் க்ளாம்ப் மூன்றை, அடியில் பழைய சைக்கிள் ட்யூப் துண்டு வைத்து மாட்டுங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கும். கார்பனுக்கு இந்த க்ளாம்ப்பும் ஆகாது.

கேள்வி: மடக்கு சைக்கிளில்?

பதில்: முன்புறம் நல்ல இடம், ஆனால் ஹேண்டில்பாரில் அல்ல. ஃபிரேமின் தலைக்குழாயில் மாட்டும் பை என்றால் ஹேண்டில் திரும்பும்போது எடை திரும்பாது. பிராம்ப்டனின் முன் பை இப்படித்தான் ஃபிரேமில் பூட்டுகிறது, 10 கிலோ வரை தாங்கும். மடக்கும்போது ஒயர் கீலில் நசுங்காதபடி இணைப்பானை மேலேயே வையுங்கள்.

கேள்வி: முதுகுப் பையில் சுமந்தால்?

பதில்: வேண்டாம். விழுந்தால் மூன்று கிலோ கட்டி உங்கள் முதுகெலும்பில் இடிக்கும்; தீப்பிடித்தால் கழற்ற நேரமிருக்காது. சைக்கிளோடு உங்களை ஒயர் கட்டிப்போடும் ஏற்பாடும் அது.

கேள்வி: ஒரே பெரிய பேட்டரிக்குப் பதில் இரண்டு சிறிய 36 வோல்ட் பேட்டரிகளைப் பிரித்து வைக்கலாமா?

பதில்: இடம் சிறிதாக இருப்பவர்களுக்கு இது நல்ல யோசனை, எப்படி இணைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. எளிதும் பத்திரமும் ஒன்றே: ஒன்று தீர்ந்ததும் கழற்றி மற்றதை மாட்டுவது. நேராகப் பக்க இணைப்பில் (பேரலல்) சேர்த்தால், ஒன்று 41 வோல்ட்டிலும் மற்றது 36 வோல்ட்டிலும் இருக்கும்போது, இரண்டின் உள்மின்தடையும் சேர்ந்து கால் ஓம் என்றால் 20 ஆம்பியர் பாயும். சாதாரண சார்ஜர் கொடுப்பதே 2 ஆம்பியர்தான். இரண்டையும் சேர்த்தே ஓட்ட வேண்டுமென்றால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்சாரம் பாய விடாத இரட்டை பேட்டரி இணைப்புக் கருவியை வாங்குங்கள். அதன் ஆம்பியர் அளவு உங்கள் கன்ட்ரோலரின் உச்ச அளவுக்கு மேல் இருக்கட்டும்.

இரண்டு 24 வோல்ட்டைத் தொடரில் இணைத்து 48 வோல்ட் ஆக்குவது இன்னும் சிக்கல். ஒன்றின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு மின்பலகை (பிஎம்எஸ்) மின்சாரத்தைத் துண்டித்தால், 24 வோல்ட்டுக்காகத் தேர்ந்த அதன் ஸ்விட்ச் முழு 48 வோல்ட்டையும் தாங்க வேண்டிவரும். அது எரிந்து ஒட்டிப்போனால் பாதுகாப்பே இருக்காது, வெளியிலும் தெரியாது.