கனடாவில துவக்கு சுடப் போகலாமோ எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீர் கேட்டது இதுதானே: மல்லாவியில இருந்து வந்து இன்னும் ஒரு வருசம் ஆகேல்ல, ஸ்காபரோவில பேஸ்மென்டில இருக்கிறீர், வெயார்ஹவுஸில கூட வேலை செய்யிற வெள்ளைக்காரன் ஒருத்தன் சனிக்கிழமை றேஞ்சுக்குத் துவக்கு சுட வா எண்டு கூப்பிடுறான், போகலாமோ, எங்கட ஆக்கள் லைசென்ஸ் எடுத்து சொந்தமா வாங்கி வைக்கலாமோ, உது அகதிக் கேஸைக் குழப்புமோ எண்டு. நான் ஒட்டுசுட்டான் பக்கம், இஞ்ச வந்து கனகாலம், துவக்கு சுடுறதும் பழைய றைபிள் சேக்கிறதும் எனக்கும் பொழுதுபோக்குத்தான், அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்.

போகலாம். லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில நிண்டு நேரடியாப் பாத்துக்கொண்டு இருந்தா லைசென்ஸ் இல்லாத நீரும் சுடலாம், அது சட்டத்துக்கு உட்பட்டதுதான். ஆனா முதலே ஒரு விசயம், படம் எடுத்து பேஸ்புக்கில போடாதேயும். அகதிக் கேஸ் முடியாத ஆள், அதுவும் வன்னியில இருந்து வந்த ஆள், கையில துவக்கோட சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம் எங்க எங்க போகும், ஆர் ஆர் பாப்பினம் எண்டு உமக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. இஞ்ச கேஸ் விசாரிக்கிற ஹியறிங்கிலயும் அதை வைச்சுத் தேவையில்லாத கேள்வி வரலாம், நாளைக்கு அம்மாவைப் பாக்க ஊருக்குப் போகேக்க அங்கயும் வரலாம். சுடுறது குற்றமில்லை, ஆனா கேள்விக்குப் பதில் சொல்லுறதிலயே அரை ஆயுள் போயிடும். லைசென்ஸுக்குப் போட முதல் உம்மட லோயரிட்டயும் ஒரு சொல்லுக் கேளும்.

ரெண்டாவது, சத்தம். இதை ஒருத்தரும் முன்கூட்டிச் சொல்லமாட்டினம். 2009 இல மாத்தளன் முள்ளிவாய்க்கால் பக்கம் நிண்ட ஒரு பெடியனை நான் றேஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். அது உள்ளுக்க இருக்கிற றேஞ்ச், கொங்கிறீட் சுவர், பக்கத்து லேனில ஒருத்தர் பெரிய றைபிள் ஒண்டை அடிக்க, சத்தம் காதுக்குள்ள இல்லை, நெஞ்சுக்குள்ளதான் விழுந்தது. பெடியன் ஒண்டும் கதைக்கேல்ல, கண்ணாடியையும் காதை மூடுற இயர்மப்பையும் கழட்டி மேசையில வைச்சிட்டு வெளிய போய் காருக்குள்ள இருந்திட்டான். அவனுக்கு ஒரு குறையும் இல்லை, உடம்பு மறக்கேல்ல, அவ்வளவுதான். ஆனபடியா உமக்கு நான் சொல்லுறது, முதல்தரம் திறந்தவெளி றேஞ்சுக்குப் போம், காதுக்குள்ள நுரைப்பஞ்சும் வைச்சு அதுக்கு மேல இயர்மப்பும் போடும், சின்ன 22 றைபிளில தொடங்கும், அது உதைக்காது, சத்தமும் ஒரு சீனவெடி அளவுதான். வெடிமருந்து மணம் மூக்கில அடிக்கேக்க வயித்தைக் குமட்டினா கூட்டிக்கொண்டு போனவனிட்டச் சொல்லிப்போட்டு வந்திடும், வெட்கப்பட ஒண்டுமில்லை. பிடிக்கேல்ல எண்டா விட்டிடலாம், ஆயிரம் பொழுதுபோக்கு கிடக்கு.

பிடிச்சிட்டா லைசென்ஸ். பி.ஏ.எல். எண்டுறது அதுக்குப் பேர், கனடாவின்ர மத்திய பொலிஸ், ஆர்.சி.எம்.பி.தான் குடுக்கிறது, 18 வயசு வேணும், சிட்டிசனா இருக்கோணும் எண்டில்லை. முதல் பாதுகாப்புக் கோர்ஸ் ஒண்டு, எழுத்துச் சோதனையும் கையால செய்து காட்டுற சோதனையும், ரெண்டிலயும் 80 வீதம் எடுக்கோணும். கோர்ஸில போலித் துவக்குத்தான் தருவினம், ஆனா அதை உண்மையானது மாதிரியே பிடிக்கோணும், விரலை இழுக்கிற விசைக்குள்ள, குதிரை எண்டுறது அதைத்தான், விட்டா, குழல் முனை ஒருக்கா வாத்தியார் பக்கம் திரும்பினா, புள்ளியை வெட்டுவார். எங்கட ஆக்கள் ஃபெயில் விடுறது இங்கதான். ஊரில துவக்குப் பாத்துப் பழகினவன் எனக்குத் தெரியும் எண்டு டக்கெண்டு தூக்குவான், ஆனா ஒண்டும் தெரியாத பிள்ளை வாத்தியார் சொன்னபடி செய்து பாஸ் பண்ணிப்போடும். எந்தத் துவக்கும் லோட் பண்ணிக் கிடக்கு எண்டுதான் நினைக்கோணும், முனையை ஆள் இல்லாத பக்கம் பிடிக்கோணும், திறந்து கண்ணாலயும் விரலாலயும் றவை, அதுதான் தோட்டா, போற அறை வெறுமை எண்டு பாக்கோணும். வன்னியில முத்தையன்கட்டில காட்டுப்பண்டிக்குப் பொறியாக் கட்டின கட்டுத்துவக்கில மாடு தேடப் போன மனிசன்ர கால் போனதைக் கண்டவனுக்கு உதெல்லாம் வெறும் சட்டமாத் தெரியாது.

பிறகு விண்ணப்பம். உம்மை மூண்டு வருசமாவது தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சி வேணும், ஊரில இருந்தே தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச இருந்தா வசதி. உம்மை மாதிரிப் புதுசா வந்தவையிட்ட ஊர்ப் பொலிஸ் றிப்போட்டும் கேப்பினம். கலியாணம் கட்டி இருந்தா மனிசியும் கையெழுத்துப் போடோணும், போடாட்டி அவவுக்குத் தகவல் போகும், ரெண்டு வருசத்துக்குள்ள பிரிஞ்ச மனிசி எண்டாலும் அப்பிடித்தான். சில வீடுகளில இதுதான் உண்மையான சோதனை. மனநலம், குடி, வேலை போனது, பிரிவு எல்லாம் கேள்வியா வரும். மறைக்காதேயும். ஓம் எண்டு போட்டா உடன தூக்கி எறியமாட்டினம், போன் எடுத்து விசாரிப்பினம், பொய் சொன்னாத்தான் ஆபத்து. முதல்தரம் எடுக்கிற ஆளுக்குக் குறைஞ்சது 28 நாள் காத்திருப்பு, நடைமுறையில மாசக்கணக்கும் போகும். கார்ட் வந்தபிறகும் ஒவ்வொரு நாளும் உம்மட பேர் பொலிஸ் கம்பியூட்டரோட ஒப்பிடப்படும், அடிபிடி ஒண்டில மாட்டினா அண்டைக்கே தெரியவரும். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கோணும்.

என்ன வாங்கலாம் எண்டா, கைத்துவக்கை மறந்திடும். 2022 ஒக்டோபர் 21 இல இருந்து தனி ஆக்களுக்கு விக்கிறதும் கைமாத்துறதும் நிப்பாட்டியாச்சு. 2020 மே முதலாம் திகதி ஆயிரத்தைஞ்நூறு வகை றைபிளைத் தடை செய்தவை, 2024 டிசம்பரிலயும் 2025 மார்ச்சிலயும் இன்னும் கூட்டினவை, ஆனபடியா ராணுவச் சாயல் உள்ள செமி ஓட்டோமட்டிக், அதாவது ஒருக்காச் சுட அடுத்த றவை தானா ஏறுற துவக்கு, ஒண்டிலயும் காசை விடாதேயும், இண்டைக்குக் கடையில இருக்கும், நாளைக்கு லிஸ்டில இருக்கும். நான் சேக்கிறது பழைய பிரிட்டிஷ் ராணுவ றைபிள், லீ என்ஃபீல்ட். ஊரில பொலிஸ்காரர் தோளில கொழுவிக்கொண்டு திரிஞ்ச அதே திறீ நோட் திறீ தான். ரெண்டாம் உலக யுத்தத்தில ரொறொன்ரோவுக்கு மேற்கால லோங் பிராஞ்ச் எண்ட இடத்தில லட்சக்கணக்கில செய்தவை, வேலை செய்த கனபேர் பொம்பிளையள். என்ரதில பக்கவாட்டில ஆலைப் பேரும் 1943 எண்டும் வெட்டிக் கிடக்கு, பின்கட்டையில ஆரோ ஒருத்தன் கத்தியால ரெண்டு எழுத்துக் கீறி இருக்கிறான், அந்த இடத்தைத்தான் நான் அடிக்கடி தடவிப் பாக்கிறது. கையால இழுத்து அடிக்கிற போல்ட் எண்டபடியா பத்து றவை போற மகசின் இதுக்குப் பிரச்சினை இல்லை, செமிக்கெண்டால் அஞ்சுதான். ஒண்டு சொல்லோணும், பழைய ராணுவ றவை சிலதுகளில உப்பு இருக்கு, சுட்டதுக்குப் பிறகு சும்மா எண்ணெய் பூசினாக் காணாது, சுடுதண்ணி விட்டுக் குழலைக் கழுவி, காயவிட்டு, பிறகு எண்ணெய். இல்லையெண்டா ஒரு கிழமையில துருப் பிடிக்கும்.

வீட்டில வைக்கிறதுதான் உமக்கு உள்ள பெரிய சிக்கல். றவை ஏத்தாமல், குதிரைக்குப் பூட்டுப் போட்டு அல்லது பூட்டின அலுமாரியில வைக்கோணும், றவை கைக்கு எட்டாத மாதிரி வேற இடத்தில, இல்லாட்டிப் பூட்டில. மூண்டு பெடியள் சேந்து இருக்கிற பேஸ்மென்டில, மேல வீட்டுக்காரரின்ர சின்னப் பிள்ளையள் ஓடித்திரியிற வீட்டில, நான் எண்டா ஒண்டும் வைச்சிருக்கமாட்டன். தனி இடம் கிடைக்குமட்டும் அந்த வெள்ளைக்காரன்ரயிலயே சுடும், றவைக் காசை நீர் குடும், மரியாதையா இருக்கும்.

அவன் மான் வேட்டைக்கும் கூப்பிடுவான், பொறுத்துப் பாரும். அதுக்குத் துவக்கு லைசென்ஸ் மட்டும் காணாது, எங்கட மாகாணம் ஒன்டாரியோவில வேட்டைப் படிப்பு வேற, வேட்டைக் கார்ட் வேற, மானுக்கு டாக் எண்ட அனுமதிச் சீட்டு வேற, செம்மஞ்சள் உடுப்பும் போடோணும். ஒரு மான் விழுந்தா இறைச்சி நிறைய வரும், சிநேகிதருக்குச் சும்மா குடுக்கலாம், ஆனா காசு வாங்கக்கூடாது, அது குற்றம். எங்கட சனம் மணந்து பிடிச்சு, பங்கு எவ்வளவு தம்பி எண்டு போன் அடிக்கும், விலை சொல்லிப்போடாதேயும்.