நாணயச் சந்தை நிலவரம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். என் தந்தை விட்டுச்சென்ற விக்டோரியா வெள்ளி ரூபாய்களில் தொடங்கி, மாதம் சில நூறு ரூபாய் செலவிட்டு நாணயங்கள் சேர்த்துவருகிறேன். அண்மையில் ஒரு வியாபாரி, தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக வெளியான ஆயிரம் ரூபாய் நாணயத்தைக் காட்டி, "வெளியிட்டதே கொஞ்சம்தான், இப்போது விட்டால் பிறகு இந்த விலைக்குக் கிடைக்காது" என்றார். ஏலச் செய்திகளையும் யூடியூப் காணொளிகளையும் நான் பின்தொடர்வதில்லை. என்னைப் போன்றவர்களுக்குச் சந்தை நிலவரம் தேவைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

தேவைதான், ஆனால் ஏமாறாமல் வாங்குவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு போதும். செய்தியில் வரும் சந்தைக்கும் நாம் வாங்கும் நாணயங்களுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. 2021 ஜூனில் நியூயார்க் ஏலமொன்றில் 1933ஆம் ஆண்டின் அமெரிக்க இருபது டாலர் தங்க நாணயம் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு விலைபோனது. அச்சிடப்பட்ட 4,45,500 நாணயங்களும் புழக்கத்துக்கு வராமலே, அநேகமாக முழுவதும் உருக்கப்பட்டுவிட, தனியார் ஒருவர் சட்டப்படி வைத்திருக்கக்கூடியதாக எஞ்சியது அது ஒன்றே. அந்த விலையைக் கொண்டு வேறெந்த நாணயத்தையும் மதிப்பிட முடியாது. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று சொல்லும் காணொளிகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பழைய நாணயங்களை வாங்குவதாகவும் விற்பதாகவும் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டாமென்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

உங்கள் வியாபாரியின் பேச்சுதான் கவனிக்கத்தக்கது, ஏனெனில் அதில் பாதி உண்மை. 1950இல் அமெரிக்காவின் டென்வர் அக்கசாலை ஐந்து சென்ட் நாணயங்களை 26,30,030 மட்டுமே அச்சிட்டது. ஜெபர்சன் உருவம் தாங்கிய அந்த வரிசையின் புழக்க நாணயங்களில் இதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை. செய்தி உடனே பரவியதால் மக்கள் அவற்றைச் செலவழிக்காமல் சுருள் சுருளாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். நாற்பது நாணயங்கள் கொண்ட, இரண்டு டாலர் முகமதிப்புள்ள ஒரு சுருள் 1964 வாக்கில் ஆயிரம் டாலரைத் தாண்டியது. பிறகு விற்க வந்தவர்கள் பெருகி, வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தது. அறுபது ஆண்டு விலைவாசி ஏற்றத்துக்குப் பின்னும், புழங்காத சாதாரண நாணயம் ஒன்றை, அந்தச் சுருளின் உச்ச விலையில் ஒரு நாணயத்துக்கு விழுந்த பங்கைவிடக் குறைவாகவே இன்று வாங்கலாம். அச்சிட்டது குறைவுதான், ஆனால் அழிந்தது அதைவிட மிகக் குறைவு என்பதை விலையை ஏற்றியவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

நீங்கள் பார்த்த ஆயிரம் ரூபாய் நாணயமும் இந்த வகையைச் சேர்ந்ததே. அது கடைத்தெருவில் ஒரு நாளும் புழங்கியதில்லை. வாங்கிய ஒவ்வொருவரும் பெட்டியோடு பாதுகாக்கிறார்கள். தேய்வதும் தொலைவதும் அநேகமாக இல்லை. 35 கிராம் எடையில் 80 விழுக்காடு வெள்ளி, அதாவது 28 கிராம். வாங்கும் நாளின் வெள்ளி விலையால் அதைப் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் அவர் கேட்கும் தொகை முழுவதும் பிறருடைய விருப்பத்தை நம்பி நிற்பது. கூடவே, "இதையே நாளை நான் கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். சந்தை ஏறுகிறது என்பவர் அந்தக் கேள்விக்குத் தயங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். (வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இல்லாமல் வியாபாரிக்குப் பிழைப்பில்லை என்பதும் நியாயமே.) பெரிய கோயில் பிடித்திருந்தால் வாங்குங்கள், ஏறும் என்று வாங்க வேண்டாம். ராஜராஜன் பெயரை நாகரி எழுத்தில் தாங்கிய செப்புக்காசே, ஆயிரம் ஆண்டு பழையது, ஏராளமாகக் கிடைப்பதால் சில நூறு ரூபாய்க்குள் வாங்கக்கூடியதாக இருக்கிறது.

சந்தை நம்மை உண்மையாகவே தொடுவது வெள்ளி விலை ஏறும்போது. உங்கள் விக்டோரியா ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதில் 91.7 விழுக்காடு வெள்ளி. 1980 ஜனவரியில் வெள்ளி ஓர் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது அமெரிக்காவில் ஏராளமான வெள்ளி நாணயங்கள் எடைக்கு விற்கப்பட்டு உருக்கு உலைக்குப் போயின. இங்கும் விலை ஏறும்போதெல்லாம் நகைக்கடைகளில் அது நடக்கிறது. ஆகவே வெள்ளி ஏறியிருக்கிறது என்பதற்காக அவற்றை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் 1862 என்று ஆண்டு பொறித்தவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். 1874 வரை அச்சிட்டவற்றிலும் அதே 1862 தான் இருக்கும். பின்புறத்தில் இட்ட சிறு புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும்தான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரிக்கின்றன. அவற்றுள் சில எளிதாகக் கிடைக்கும், சில அரிதானவை. எடைபோட்டு வாங்குபவர் இந்த வேறுபாட்டைப் பார்க்கமாட்டார். ஒரு நல்ல உருப்பெருக்கியைக் கொண்டு புள்ளிகளை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், நாணயங்களைப் பளபளப்பாக்க மட்டும் தேய்த்துவிட வேண்டாம். குறிப்பை அனுப்பினால் எவை எந்த வகை என்று சேர்ந்து பார்க்கலாம்.