வெற்றிடத்துக்குக் காத்திருக்கும் மகனும் நிறுத்தி வைக்கப்பட்ட மகளும்

கேள்வி: என் மகன் உயிரியல் பிரிவில் இரண்டாம் முறையாக உயர்தரப் பரீட்சை எழுதினான். மருத்துவ பீடத்துக்கான எங்கள் மாவட்ட வெட்டுப்புள்ளியைச் சிறு வித்தியாசத்தில் தவறவிட்டான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கிடைத்திருக்கிறது, ஆனால் அவனுக்கு விருப்பமில்லை. வெற்றிடம் நிரப்பும்போது மருத்துவ பீடம் கிடைக்குமா? கொழும்பில் யாரையாவது பிடித்துக் கதைக்கலாமா? கிடைக்காவிட்டால் மூன்றாம் முறை எழுதுவதற்காக இப்போதே வகுப்புகளுக்குப் போகிறான். (இரண்டு பேருக்கும் வகுப்புக் காசு கட்ட இயலாததால், இந்த வருடம் எழுத இருந்த மகளை அடுத்த வருடம் எழுதச் சொல்லியிருக்கிறோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை.)
ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, வெற்றிடம் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதமான இடங்களை அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதத்தை மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் வரையானவற்றைத் திருகோணமலை உட்படக் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் வழங்குகிறது. தெரிவானவர்களில் சிலர் வெளிநாடு போவதாலோ வேறு காரணத்தாலோ பதிவு செய்யாமல் விடும்போது வெற்றிடம் உண்டாகிறது. அந்த இடம், பரீட்சைப் புள்ளிகளைத் தரப்படுத்திப் பெறும் இசட் புள்ளியின் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போகும். நான்கு தசம தானம் வரை கணிக்கப்படும் அந்தப் புள்ளியை யாருடைய சிபாரிசுக் கடிதமும் மாற்றாது. கொழும்பில் ஆள் பிடித்துத் தருவதாக எவராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். உங்கள் மகன் செய்யக்கூடியது, ஆணைக்குழுவின் அறிவித்தல்களைத் தவறாமல் பார்ப்பதும், குறித்த திகதிக்குள் செய்ய வேண்டியதைச் செய்வதும்தான். இந்தக் காத்திருப்புக்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

அப்படியானால் செலவு எங்கே நடக்கிறது? நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதிய அந்த இரண்டு வரிகளில்தான் நடக்கிறது. மகனின் புள்ளியைப் பற்றியும் விருப்பமின்மையைப் பற்றியும் விரிவாக எழுதிய நீங்கள், மகள் எந்தப் பிரிவில் படிக்கிறாள் என்பதைக்கூடக் குறிப்பிடவில்லை. ஆணைக்குழுவின் பட்டியலில் யார் முன்னே, யார் பின்னே என்பதைப் புள்ளி தீர்மானிக்கிறது. உங்கள் வீட்டுப் பட்டியலில் அதைத் தீர்மானித்தது எது? ஏற்கெனவே இரண்டு முறை எழுதி, கையில் ஒரு பல்கலைக்கழக அனுமதியும் வைத்திருக்கும் பிள்ளைக்கு மூன்றாவது வாய்ப்பு, இன்னும் ஒரு முறையேனும் எழுதாத பிள்ளைக்குக் காத்திருப்பு என்பதை நான் எந்த வகையிலும் நியாயம் என்று ஏற்கமாட்டேன். மகன் என்பதால் அவனுக்கு முதலிடம் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் செய்திருப்பது அதுதான்.

“அவள் ஒன்றும் சொல்லவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒன்றும் சொல்லாத பெண் பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் எழுதிய கடிதங்கள் எனக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. அவர்கள் எல்லோரும் சம்மதித்ததாகவே தாய்மார் நம்புகிறார்கள். வீட்டில் காசில்லை என்று தெரிந்த பிள்ளை வாய் திறக்காது, அது பெற்றோர் மீதுள்ள அன்பினால். அந்த அன்பைக் காரணமாக வைத்து அவளுடைய ஒரு வருடத்தை எடுத்துக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமை இல்லை. தன்னுடன் படித்தவர்கள் பரீட்சை மண்டபத்துக்குப் போகும் நாளில் அவள் வீட்டில் இருக்க வேண்டும். பிறகு தனிப்பட்ட பரீட்சார்த்தியாக, ஆசிரியர்களும் தோழிகளும் பக்கத்தில் இல்லாமல் எழுத நேரலாம். அடுத்த வருடம் உங்கள் கையில் காசு இருக்கும் என்பதற்கும் எந்த உறுதியும் இல்லை.

மகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தங்கையை நிறுத்தி வைத்த காசில்தான் தான் வகுப்புக்குப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே சொல்லுங்கள். தெரிந்தும் போகிறான் என்றால், நோயாளியின் துன்பத்தைத் தன் துன்பமாக நினைக்க வேண்டிய தொழிலுக்கு அவன் இன்னும் ஆயத்தமாகவில்லை. கூடப் பிறந்தவளுக்கு விட்டுக்கொடுப்பது அண்ணனின் கடமை என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கடமையை அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

சித்த மருத்துவத்தை ஒதுக்கித் தள்ளுவதற்கு முன் அவன் அந்த வளாகம் இருக்கும் கோணேசபுரிக்கு ஒருமுறை போய், அங்கே படிக்கும் பிள்ளைகளுடன் பேசட்டும். அதுவும் மருத்துவப் பட்டம்தான், படித்தவர்கள் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு பெற்றுத் தொழில் செய்கிறார்கள், வீட்டிலிருந்தே போய்வரவும் முடியும். பதிவு செய்தால் வெற்றிடத்துக்கும் மறுபடி எழுதுவதற்கும் என்ன விதி என்பது ஆணைக்குழுவின் கைநூலில் தமிழிலேயே இருக்கிறது. அந்தப் பக்கங்களை அவன் உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். எல்லாம் வாசித்த பிறகும் மூன்றாம் முறைதான் எழுதுவேன் என்றால் எழுதட்டும், அது அவனுடைய உரிமை. ஆனால் வகுப்புக் காசை அவனே உழைத்துக் கட்ட வேண்டும். இரண்டு முறை பரீட்சை எழுதியவனுக்குச் சாதாரண தர மாணவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கத் தெரியாமலா போகும்?

நீங்கள் நாளைக் காலையே மகளின் பாடசாலைக்குப் போய் அதிபரைச் சந்தியுங்கள். விண்ணப்ப முடிவுத் திகதி தாண்டவில்லை என்றால் அங்கேயே இருந்து படிவத்தை நிரப்புங்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த வகுப்புகள் தனக்கு அவசியம் என்று வழியில் அவளிடமே கேட்டு, அவற்றுக்கு முதலில் காசு கட்டுங்கள்.