போன வருடம் கொட்டிய பீக்கான் மரம் இந்த வருடம் ஏன் கைவிட்டது?

கேள்வி: டெக்சஸில் ஆஸ்டினுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் பெரிய பீக்கான் மரம், வால்நட் போன்ற கொட்டை காய்ப்பது. போன வருடம் வாளி வாளியாகப் பொறுக்கினோம். இந்த வருடம் காய்ப்பு கொஞ்சம்தான், அதிலும் பாதிக்குப் பருப்பு சுருங்கிக் கிடக்கிறது. மரத்தை வெட்டிவிடலாம் என்கிறார் கணவர். நல்ல கொட்டையாகப் பார்த்து விதைத்து வேறு மரம் வளர்க்கலாமா? சர்க்கரை நோய் உள்ள என் மாமியார் பீக்கான் சாப்பிடலாமா?

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள் அம்மா. ஒரு வருடம் காய்த்து அடுத்த வருடம் ஓய்வது பீக்கானின் பிறவிக் குணம். 1530-களில் உங்கள் டெக்சஸ் பக்கம் அலைந்த ஸ்பானியர் கபேசா டி வாகா, ஆற்றங்கரையில் இந்தக் கொட்டைகளையே தின்று வாழ்ந்த பழங்குடி மக்களைப் பற்றி எழுதும்போது, மரங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் காய்க்கின்றன என்று குறித்திருக்கிறார்.

காரணம் பருப்பிலேயே இருக்கிறது. 100 கிராம் பீக்கான் பருப்பில் சுமார் 72 கிராம் கொழுப்பு. அவ்வளவு எண்ணெயைச் சேர்ப்பதற்குள் மரத்தின் கையிருப்பு தீர்ந்துவிடும்; அடுத்த வசந்தத்தில் பூவுக்கு மிச்சம் இருக்காது.

ஆனால் பருப்பு சுருங்கியது வேறு கதை. காய் குறைந்த வருடத்தில் பருப்பு நன்றாகவே திரள வேண்டும். திரளவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். பீக்கான் காய்க்குள் முதலில் வெறும் நீர் இருக்கும், அப்புறம் வழுக்கை போல ஆகும், பிறகுதான் கெட்டிப்படும், ஏறக்குறைய நம் தேங்காய் மாதிரி. ஓடு இறுகுவது ஆகஸ்டில். பருப்பு நிறைவது அதற்குப் பிறகு, செப்டம்பர் வரை. டெக்சஸ் வெயில் கொளுத்தும் காலமும் அதுதான். புல்தரைக்குப் பத்து நிமிடம் தெளிக்கிற தண்ணீர் இந்த மரத்துக்கு எட்டாது. மழை இல்லாத வாரங்களில், அடிமரத்தை ஒட்டி ஊற்றாமல், கிளைகள் பரவியிருக்கும் அகலம் முழுக்க மண் ஆழமாக ஊறும்படி மெதுவாக விடுங்கள்.

கிளை நுனிகளில் இலைகள் சிறுத்து, கொத்தாகக் கூம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது துத்தநாகக் குறை. உங்கள் ஊர்ச் சுண்ணாம்பு மண்ணில் உரமாகப் போட்டால் வேருக்குக் கிடைக்காது. வசந்தத்தில் துளிர் விட்டதிலிருந்து சில முறை இலைமேல் தெளிக்க வேண்டும்.

விதைக்கலாமா என்றால், முளைக்கும், ஆனால் தாய்மரத்தின் காய் வராது. நம் மாங்கொட்டை கதைதான். காய்க்கவும் பத்து வருடம் போல ஆகலாம். ஒட்டுக்கன்று வாங்குங்கள். அதை நடும்போது ஒரு மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்: 1840-களில் லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் அடிமையாக வைக்கப்பட்டிருந்த தோட்டக்காரர் அந்துவான். மெல்லிய ஓடுள்ள நல்ல ரகம் ஒன்றை 16 மரங்களில் ஒட்டுக்கட்டி வெற்றி கண்டவர். 1876-இல் பிலடெல்ஃபியா கண்காட்சியில் அந்தக் கொட்டைகள் பரிசு பெற்று, 'சென்டெனியல்' என்ற பெயர் வந்தது. அவருடைய குடும்பப் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று கடையில் வாங்கும் பீக்கான் பெரும்பாலும் ஒட்டுமரத்துக் காய்தான். அதற்கு வழி காட்டிய கை அவருடையது.

ஒட்டுக்கன்று வாங்கும்போது ரகத்தையும் கேளுங்கள். ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் உண்டு, ஆனால் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பக்குவமாவதில்லை. மகரந்தம் முன்னால் உதிர்கிற ரகம், பின்னால் உதிர்கிற ரகம் இரண்டும் அக்கம்பக்கத்தில் இருந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

மாமியார் தாராளமாகச் சாப்பிடலாம், அளவோடு. 28 கிராம், அதாவது சுமார் 19 பாதிப் பருப்புகளில், மாவுச்சத்து 4 கிராம்தான், அதிலும் 2.7 கிராம் நார்ச்சத்து. சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாது. கொழுப்பில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் இருக்கும் வகை. மாங்கனீசும் தாமிரமும் கணிசமாக உண்டு. ஆனால் 196 கலோரி இருக்கிறது. அதனால் மாலை முறுக்கு, பிஸ்கட்டுக்குப் பதிலாகக் கொடுங்கள், கூடுதலாக வேண்டாம். சர்க்கரைப் பாகு பூசியதும், 'பீக்கான் பை' (pie) என்ற இனிப்புப் பண்டமும் இந்தக் கணக்கில் சேராது. வால்நட் ஒவ்வாதவர்கள் பீக்கானைத் தொடவே கூடாது. இரண்டும் ஒரே குடும்பம்.

பொறுக்கியதைக் காற்றாட உலர்த்தி, உடைத்த பருப்பைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். எண்ணெய் மிகுந்த பருப்பு வெளியே இருந்தால் சீக்கிரம் காறல் வாடை அடித்துவிடும்.