கையெழுத்து யாருடையது?

கேள்வி: அமெரிக்காவின் லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி, அமெரிக்க ஃபுட்பால் கோச் பிரையன் கெல்லியை நீக்கிய சில நாட்களிலேயே 'அத்லெட்டிக் டைரக்டர்' ஸ்காட் வுட்வர்டும் போய்விட்டார். அணி தோற்றால் அதற்கு டைரக்டர் என்ன செய்வார்? இந்தப் பதவியில் ஒருவர் ஒழுங்காக வேலை பார்க்கிறாரா என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: 'தடகள இயக்குநர்' என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த விளையாட்டுத் துறைக்கும் நிர்வாகி அவர். கோச்சைப் பிடிப்பது, ஒப்பந்தம் போடுவது, பணம் திரட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு.

எனவே கோப்பைகளை எண்ணும்போது பக்கத்தில் ஒரு காலண்டரும் இருக்கட்டும். வுட்வர்ட் வந்தது 2019 ஏப்ரலில். அந்த சீசனிலேயே ஃபுட்பால் அணி தேசிய சாம்பியன். ஆனால் அப்போதைய கோச் வுட்வர்ட் வருவதற்கு முன்பே அங்கே இருந்தவர். வுட்வர்ட் கணக்கில் எழுத வேண்டியவை வேறு. 2021-ல் அவர் கொண்டுவந்த கிம் மல்கி, 2023-ல் பெண்கள் பாஸ்கெட்பால் பட்டம் வாங்கித் தந்தார். அதே 2021-ல் வந்த ஜே ஜான்சன் 2023, 2025 இரண்டிலும் பேஸ்பால் பட்டம் வென்றார். கெல்லியும் அவர் எடுத்த ஆள்தான்: 10 ஆண்டு, 9.5 கோடி டாலர். 2025 அக்டோபரில் பாதியில் அனுப்பியபோது ஒப்பந்தப்படி பாக்கி சுமார் 5.4 கோடி.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் பாருங்கள். மீதிச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் உத்தரவாதம்? எவ்வளவு நாளில் தர வேண்டும்? கோச் வேறு வேலையில் சேர்ந்தால் அந்தச் சம்பளம் கழியுமா? கெல்லிக்குக் கழியும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023-ல் ஃபுட்பால் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது கழிவே கிடையாது, 7.5 கோடிக்கு மேல் தலையில் விழுந்தது. ஃபிஷரை 2017-ல் அங்கே கொண்டுவந்ததும், அப்போது அங்கே இதே பதவியில் இருந்த வுட்வர்ட்தான். ஆனால் 2021-ல் ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டியவர் அவருக்கு அடுத்து வந்த டைரக்டர். ஒரு சீசன் நன்றாக ஆடியதும், வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்று பதறி நீட்டிப்பு கொடுப்பது இந்தப் பதவியின் தீராத வியாதி.

வரவு செலவில் மாணவர் கட்டணமும் பல்கலைக்கழக உதவியும் வருமான வரிசையிலேயே வரும். கழித்துவிட்டுப் பாருங்கள். நன்கொடையில் வாக்குக் கொடுத்தது வேறு, கைக்கு வந்தது வேறு. 2025-26-ல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கே மொத்தம் 2.05 கோடி டாலர் வரை வருமானத்தில் பங்கு தரலாம் என்றாகிவிட்டதால், பல இடங்களில் ஓட்டை இப்போதுதான் தெரிகிறது.

கேள்வி: வீரர்களின் படிப்பை அளக்க ஏ.பி.ஆர். (அகாடமிக் புரோகிரஸ் ரேட்) என்கிறார்களே, அது எப்படி?

பதில்: உதவித்தொகை பெறும் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு செமஸ்டருக்கு 2 புள்ளி. படிப்பில் தகுதியோடு இருந்தால் 1, அதே கல்லூரியில் தொடர்ந்தால் 1. பாஸ்கெட்பாலில் 13 பேர் என்றால் ஆண்டுக்கு 52. அதில் 4 போனால் 48, ஆயிரத்துக்கு 923. நான்கு ஆண்டுச் சராசரி 930-க்குக் கீழே இறங்கினால் சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களுக்குத் தடை வரலாம். சின்ன அணியில் அந்த ஆண்டின் எண் 930-க்குக் கீழே போக, இரண்டு பேர் படிப்பையும் விட்டுக் கிளம்பினாலே போதும். கோச் மாறும்போது இது அடிக்கடி நடக்கும். ஒரு கெட்ட ஆண்டு சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும் என்பதால், ஓராண்டு எண்ணைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.