வாசகர் கேள்வி பதில்: வகுப்பறைக்கு வரும் ஜெம்பே

பிரிட்டன் பள்ளிகளில் அக்டோபர் கறுப்பின வரலாற்று மாதம். 1987 முதல் நடந்துவரும் இந்த மாதத்தையொட்டிப் பல பள்ளிகள் மேளப் பட்டறை வைக்கின்றன. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மகளின் பள்ளியில் 'ஆப்பிரிக்க மேளப் பட்டறை' என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. இது எந்த மேளம், எந்த ஊருடையது? பிள்ளையை எப்படி அனுப்ப வேண்டும்?
— வாசகி, ஹாரோ

பதில்: பெரும்பாலும் ஜெம்பேயாக இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, மாலி பகுதிகளில் வாழும் மாண்டிங் மக்களின் கொட்டு அது. ஒரே மரத்துண்டைக் குடைந்து மேலே கிண்ணமும் கீழே குழலுமாகச் செய்து, ஆட்டுத்தோல் போர்த்தி, இரும்பு வளையங்களில் கயிறு கோத்து இழுத்துக் கட்டுவார்கள். அதற்குத் துணையாக டுனுன்பா, சங்பான், கென்கெனி என்று மூன்று உருளை மேளங்கள் உண்டு; மூன்றுக்கும் பொதுப்பெயர் டுனுன். இவற்றைக் குச்சியால் அடிப்பார்கள். கூடவே ஓர் இரும்பு மணியும் ஒலிக்கும். தாளத்தின் உயிரே இந்த மூன்றும் பின்னும் பின்னலில்தான் இருக்கிறது. எனவே டுனுன் இல்லாமல் நடக்கும் பட்டறை பாதிப் பட்டறைதான்.

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. பயிற்சியாளரிடம் "இன்று சொல்லித்தரும் தாளத்தின் பெயர் என்ன, எந்த ஊர்க்காரர்களுடையது?" என்று பள்ளி கட்டாயம் கேட்க வேண்டும். 'குக்கு' என்றால், அது கினியின் காட்டுப் பகுதியைச் சேர்ந்தது, மீன்பிடித்துத் திரும்பும் பெண்களின் ஆட்டத்தோடு வந்தது என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். கினியின் பலண்டுகு கிராமத்தில் 1950இல் பிறந்த மாமடி கெய்ட்டா, 1991இல் பிரஸ்ஸல்ஸில் பள்ளி தொடங்கி உலகெங்கும் மாணவர்களை உருவாக்கினார். அவரும் ஒவ்வொரு தாளத்தையும் அதன் ஊரோடும் காரணத்தோடும் சேர்த்தே கற்பித்தார். பெயரும் ஊரும் சொல்லாமல் பிள்ளைகளை வெறுமனே தட்டவிட்டால் சத்தம்தான் மிஞ்சும்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். மோதிரம் மேளத்தின் தோலைக் கிழிக்கும், வளையல் விளிம்பில் மோதி மணிக்கட்டை நோகவைக்கும். இறுக்கமான பாவாடை வேண்டாம், மேளத்தை முழங்கால்களுக்கு இடையில் பிடிக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: வகுப்பில் 30 பிள்ளைகள், எட்டு வயது. 12 ஜெம்பே மட்டுமே கிடைக்கும், நேரம் 45 நிமிடம். எப்படி நடத்துவது?
— துணை ஆசிரியை, கிரொய்டன்

பதில்: பத்துப் பத்துப் பேராக மூன்று குழு பிரியுங்கள். ஒரு குழு கொட்டும், ஒரு குழு கைதட்டும், ஒரு குழு வாயால் சொல்லும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறலாம். மீதி இரண்டு கொட்டுகள் கையிருப்பில் இருக்கட்டும், ஏதாவது ஒன்றில் தோல் தளர்ந்துபோவது வழக்கம்.

எட்டு வயதுக்கு 8 முதல் 10 அங்குல விட்டமுள்ள கொட்டு போதும். பெரியவர்களுக்கான 60 செ.மீ. உயர மேளத்தைக் கொடுத்தால் தோள் தூக்கிக்கொள்ளும், கை வலிக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மேளத்தை முன்பக்கம் சற்றுச் சாய்த்துப் பிடிக்கட்டும். அடிவாய் தரையில் பதிந்துவிட்டால் கனத்த ஒலி வெளியே வராது. 'என் கொட்டு மட்டும் ஊமை' என்று பிள்ளை சொன்னால் முதலில் அடிவாயைப் பாருங்கள்.

முதல் ஐந்து நிமிடம் மேளத்தைத் தொடவே வேண்டாம், கைதட்டலும் சொல்லும் மட்டும் போதும். அடுத்த பத்து நிமிடத்தில் ஒலிகள். உள்ளங்கை முழுவதையும் தோலின் நடுப்பக்கம் வைத்து உடனே எடுத்தால் 'கும்'. விரல்களைச் சேர்த்து, விரலடி விளிம்பில் பட அடித்தால் 'தொ'. அதே இடத்தில் விரல்களைத் தளரவிட்டு, நுனி மட்டும் சுண்டுவதுபோல் பட்டால் 'டப்'. மூன்றுக்கும் கட்டைவிரல் விலகி மேலே இருக்க வேண்டும். அது விளிம்பில் பட்டால் பிள்ளை அழுதுவிடும். 'டப்' முதல் நாளில் யாருக்கும் சரியாக வராது. கட்டாயப்படுத்தினால் பலத்தால் அடித்துக் கையைச் சிவக்கவைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் 'கும்' போதும்.

பிறகு தாளம். எட்டு எண்ணிக்கையில் 1, 4 இரண்டும் 'கும்', 6, 7 இரண்டும் 'தொ', மற்றவை வெற்று. 'கும் - - கும் - தொதொ -' என்று வாயில் பத்து முறை ஓடிய பிறகே கையில் வர வேண்டும். இரண்டு 'கும்' இருக்குமிடத்திலும் 'டப்' வைத்தால், மாண்டிங் தாளங்கள் பலவற்றில் வரும் துணைத்தாளம் இதுதான். தவறு நிகழ்வது ஐந்தாவது எண்ணிக்கையில். வெற்றிடம் பிள்ளைகளுக்குப் பொறுக்காது, 'தொதொ' ஒரு தட்டு முந்திவிடும். ஐந்தாம் எண்ணில் எல்லோரும் காலைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள், நிலைத்துவிடும்.

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தலைவர் (முன்னின்று வாசிப்பவர்) அடிக்கும் அழைப்பை முதலிலேயே பழக்குங்கள். அதைக் கேட்டதும் அத்தனை கைகளும் நின்றால்தான் 12 கொட்டுகளை ஓர் அறைக்குள் அடக்க முடியும். சிறிய வகுப்பறையைத் தவிர்த்து மண்டபத்தில் வையுங்கள். சத்தம் தாங்காத பிள்ளைக்குக் காதுக் கவசமும், கதவருகே ஓர் இடமும் தயாராக இருக்கட்டும்.

கேள்வி: மகன் மூன்று ஆண்டுகளாக மிருதங்கம் படிக்கிறான். ஜெம்பே எளிதாக இருக்குமா?
— வாசகர், டொராண்டோ

பதில்: சொல்லிப் பழகியவன் என்பதால் மனப்பாடம் எளிது. கைதான் இடறும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவில் உள்ள கரணை (கருஞ்சாந்து) தரும் நாதத்துக்குத் தனித்தனி விரல் வேண்டும், ஜெம்பேயில் கரணை இல்லை. இரு கைகளும் ஒரே வேலையைச் செய்கின்றன, அடிக்கும் இடமும் கையின் தளர்வும்தான் ஒலியை மாற்றுகின்றன. இன்னொன்று, அவனுக்குக் கை பரபரக்கும், தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) வைக்கப் பார்ப்பான். துணைத்தாளம் வாசிப்பவர் ஐந்து நிமிடமானாலும் அதே எட்டை மாற்றாமல் வாசிக்க வேண்டும், விளையாடும் உரிமை தலைவருக்கு மட்டும். இதைப் பட்டறைக்கு முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பள்ளி வாங்கிய ஜெம்பேகளில் இரண்டின் தோல் குளிர்காலத்தில் தானாகவே கிழிந்தது. ஏன்?
— ஆசிரியர், லெஸ்டர்

பதில்: வெப்பமூட்டியின் பக்கத்தில் வைத்திருப்பீர்கள். உலர்ந்த சூட்டில் ஆட்டுத்தோல் சுருங்கும், கயிறோ விட்டுக்கொடுக்காது. அந்த இழுவையில் விளிம்போரம் பிளக்கிறது. வெயிலில் பூட்டிய காரிலும் இதே கதிதான். ஈரக்காற்றில் எதிர்மாறாகத் தோல் தொய்ந்து 'தொ'வும் 'கும்'மும் ஒன்றாகிவிடும். பறையைத் தீயில் காய்ச்சுவது போல ஜெம்பேயையும் இளஞ்சூட்டில் காட்டி இறுக்கலாம். கால் மணி நேர வெயில் போதும், கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். நிரந்தரமாகத் தொய்ந்துவிட்டால் செங்குத்துக் கயிறுகளைக் குறுக்கே பின்னி இறுக்க வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது, அதிகம் இழுத்தால் புதுத்தோலும் போய்விடும். தண்ணீரும் எண்ணெயும் தடவாதீர்கள். உறை போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பல வகுப்புகள் மாறி மாறிப் பயன்படுத்தும் பள்ளிக்குச் செயற்கைத் தோல் போட்ட கொட்டு நான்கைந்து இருப்பதும் நல்லது. ஒலி சற்று வறண்டிருக்கும், ஆனால் பருவம் அதைப் பாதிக்காது.